சண்டிகரின் சுற்றுவெளிச் சட்டம்: காக்கப்பட்டது எது?

சண்டிகரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் லெ கொர்பூசியேயின் கான்கிரீட் கட்டடங்களோடும் எண்ணிட்ட செக்டர்களோடும் நின்றுவிடுகின்றன. அந்நகரைச் சூழ்ந்திருந்த வயல்வெளிக்கென்று தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டதும், அதன் பிற்கால வரலாறும் அதே அளவு கவனத்துக்குரியவை.

பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாப், புதிய தலைநகரை முதற்கட்டத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கும் இறுதியில் ஐந்து லட்சம் பேருக்குமாகத் திட்டமிட்டது. அந்த வரம்பை நகரம் மீறாதிருக்க, 1952இல் 'பஞ்சாப் புதிய தலைநகர் (சுற்றுவெளி) கட்டுப்பாட்டுச் சட்டம்' வந்தது. நகர எல்லையிலிருந்து ஐந்து மைல் தூரம்வரை உள்ள நிலம் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்படலாயிற்று. 1962இல் அத்தூரம் பத்து மைலாக்கப்பட்டது. இதன் மூலக்கருத்து 1898இல் எபனேசர் ஹோவர்டு முன்வைத்த தோட்ட நகரக் கனவிலும், 1938இல் லண்டனுக்காக நாடாளுமன்றம் இயற்றிய பசுமை வளையச் சட்டத்திலும் உள்ளது. ஆனால் லண்டன் சட்டத்தின் பெயரில் பசுமை இருக்கிறது. பஞ்சாப் சட்டத்தின் பெயரில் இருப்பது கட்டுப்பாடு. இவ்வேறுபாடு வெறும் சொல் வேறுபாடன்று.

கட்டுப்பாட்டுப் பகுதியில் அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பவோ, நிலத்தைத் தோண்டவோ, சாலைக்கு வழியமைக்கவோ கூடாது. விலக்குகளும் உண்டு. ஆபாதி எனப்படும் கிராமக் குடியிருப்புக்குள் வீடும் வேளாண்மைக்குத் துணையான கட்டடமும் கட்டலாம். வழிபாட்டிடம், கல்லறை, உழவுக்கான கிணறு, வயலுக்குச் செல்லும் மண்பாதை ஆகியவற்றுக்கும் தடையில்லை. இவ்விலக்குகளைத் தொடர்ந்து வாசிக்கையில், சட்டத்தை வரைந்தவர்கள் மனத்தில் கொண்டிருந்த கிராமம் துலங்குகிறது: உழுகின்ற, வழிபடுகின்ற, இறந்தவரைப் புதைக்கின்ற, ஆனால் ஒருபோதும் பெருகாத கிராமம்.

கிராமங்கள் பெருகின. ஆபாதியின் எல்லையாக வருவாய் வரைபடத்தில் இடப்பட்ட கோட்டை வடநாட்டில் 'லால் டோரா', அதாவது செந்நூல், என்பர். குடும்பம் பிரிந்தபோது மகன் தன் சொந்த வயலில் எழுப்பிய வீடு அந்நூலுக்கு வெளியே விழுந்தது. சட்டத்தின் கண்ணில் அது ஆக்கிரமிப்புக்கு நிகரானது. தலைநகருக்காக நிலத்தை இழந்த கிராமங்களின் அண்டைக் கிராமங்களே, எஞ்சிய நிலத்தின் பசுமைக்கும் விலை கொடுத்தன.

அரசுகளை அக்கோடு தடுக்கவில்லை. சண்டிமந்திர் இராணுவக் குடியிருப்பும் பிஞ்சோரின் எச்.எம்.டி. தொழிற்சாலையும் சுற்றுவெளியிலேயே எழுந்தன. 1966 நவம்பர் 1ஆம் நாள் மாநிலம் பிரிக்கப்பட்டபோது சுற்றுவெளியும் துண்டானது: பெரும்பகுதி பஞ்சாபுக்கும், ஒரு பகுதி அரியானாவுக்கும், சிறுதுண்டு ஒன்றியப் பிரதேசத்துக்கும் சென்றது. தலைநகர் யாருக்கு என்ற வழக்கு தீராத நிலையில், இரு மாநிலங்களும் நகரின் வாசலிலேயே தத்தம் நகரங்களை வளர்த்தன. பஞ்சாப் மொகாலியையும் அரியானா பஞ்ச்குலாவையும் அமைத்தன. இரண்டும் முறையாகத் திட்டமிட்ட நகரங்களே. ஆயினும் எந்த நிலத்தில் நகரம் வளரலாகாது என்று கூட்டுப் பஞ்சாப் சட்டமியற்றியதோ அந்த நிலத்திலேயே அவை நின்றன. பின்னர் சிராக்பூரின் நெடுஞ்சாலையோரம் அடுக்குமாடிகளால் நிறைந்தது. முல்லன்பூருக்குப் பஞ்சாப் அரசே 'நியூ சண்டிகர்' என்று பெயர் சூட்டியது. இத்தனைக்கும் 1952ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவில்லை.

இக்காலத்தின் குறிப்பிடத்தக்க தடை வேறொரு வழியில் வந்தது. சுக்னா ஏரிக்கு அருகே, பஞ்சாப் எல்லைக்குள் திட்டமிடப்பட்ட உயரமான அடுக்குமாடித் தொகுதியை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அங்கு வழக்கின் மையமாக அமைந்தது, அவ்விடம் சுக்னா வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டியிருந்தது என்பதே.

ஒன்றியப் பிரதேசத்தின் மக்கள்தொகை 2011இலேயே பத்தரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. தனியே எஞ்சியிருந்த கிராமங்களும் பின்னர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன, ஊராட்சிகள் மறைந்தன. ஆயினும் லால் டோராவுக்கு வெளியே கட்டப்பட்ட வீடுகளை முறைப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை அக்கிராமங்களில் தேர்தல்தோறும் எழுகின்றது.