தந்தையின் பெயரை விளங்கச் செய்த மகள்

திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1911இல் நம் மதுரையில் பேருந்துத் தொழிலில் இறங்கினார். நேரந்தவறாமையே அவரது மூலதனம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரிவாயுவைக் கொண்டு வண்டிகள் ஓட வழிசெய்தார். 1955இல் அவர் மறைந்தபின் புதல்வர்கள் டி.வி.எஸ். நிறுவனத்தை வளர்த்ததை ஊரறியும்.

மகள் சௌந்தரம் செலுத்திய காணிக்கையோ வேறு. இளவயதில் கைம்பெண்ணானவரை மூலையில் அமர்த்துவதே அன்றைய வழக்கம். பெற்றோரோ அவரை டில்லிக்கு அனுப்பி மருத்துவம் படிக்க வைத்தனர். 1936இல் மருத்துவரானார். பின்னர் ஜி. இராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது பெற்றோர் இசையவில்லை. காந்தியடிகள் சொற்படி காத்திருந்து, 1940இல் அவர் முன்னிலையில் மணந்தார். 1947இல் தம்பதியர் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினர். அங்கே சிறு மருந்தகமாகத் தொடங்கிய பணி, கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. அங்கு எழுந்த கிராமியக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

அன்பார்ந்த பங்கு மக்களே! தந்தையின் தொழிலைக் காப்பது நன்றிக்கடன்தான். அவர் தந்த கல்வியை ஏழைகளுக்குப் பயனாக்குவதும் நன்றிக்கடனே. ஆகவே, மகனுக்குக் கடையை எழுதிவைக்கும் பெற்றோர், மகளின் படிப்பையும் மறவாதிருப்பார்களாக!