புகைக்கும் வாய், மெல்லும் வாய்

கொல்கத்தாவின் ஹௌரா பாலத்தின் நடைபாதையில் நடந்தவர்கள் அந்தக் கறையைக் கண்டிருப்பார்கள். 1943-இல் திறந்த அந்த எஃகுப் பாலத்தின் தொங்கு தாங்கிகள் அடியில் எல்லாம் செம்பழுப்பு. பானும் குட்காவும் மென்றவர்கள் போகிற போக்கில் துப்பியது. தாங்கிகளைக் காக்கும் எஃகு உறைகள் 2007-க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே 6 மில்லிமீட்டரிலிருந்து 3-க்கும் கீழே அரித்துப்போனதைத் துறைமுகப் பொறியாளர்கள் கண்டார்கள். பிறகு கண்ணாடியிழையால் மூடினார்கள். அதே பாலத்தில் எத்தனையோ பீடிகளும் எரிந்து அணைந்திருக்கின்றன. அவை ஒரு தடமும் விடவில்லை. வாய்க்குள்ளும் ஏறக்குறைய இதே கதைதான். மெல்லும் புகையிலை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். புகை தன் வேலையை மறைத்தே செய்யும்.

வங்காளத்தில் இரண்டும் ஒரே கடையில் கிடைக்கின்றன. தெருமுனைப் பான்-பீடிக் கடையில் ஒரு பக்கம் மெல்லும் புகையிலையான ஜர்தா டப்பாக்களும் கைனிப் பொட்டலங்களும், இன்னொரு பக்கம் பீடிக்கட்டு, ஓரத்தில் நுனி கனன்றபடி தொங்கும் தேங்காய்நார்க் கயிறு. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி மேற்கு வங்கத்தில் பெரியவர்களில் 16.7 சதவீதம் பேர் புகைத்தார்கள். நாட்டின் சராசரி 10.7. மெல்லுவது, தேய்ப்பது போன்ற புகையில்லாப் புகையிலையில் வங்காளம் 20.1, நாடு 21.4. ஆக, வங்காளத்தைத் தனித்துக் காட்டுவது புகைதான். அதிலும் பீடி. முர்ஷிதாபாத் மாவட்டத்துப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் சுற்றும் அந்தப் பீடியின் இலை காற்றை எளிதில் உள்ளே விடாது. அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும். சிகரெட்டைவிடப் புகையிலை குறைவு என்றாலும் இழுப்பு அதிகம்.

இந்த இரண்டு வாய்களும் வந்து சேரும் நாற்காலி ஒன்று கொல்கத்தாவின் சியால்தா, மௌலாலி வட்டாரத்தில் இருக்கிறது. டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920-இல் தொடங்கிய, இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. அவர் நடத்திய ஐஸ்கிரீம் கடையின் வருமானத்தில் வளர்ந்தது. 1949-இல் கல்லூரியை அரசிடமே கொடுத்துவிட்டார்.

முதலில் புகைப்பவரின் வாய். ஈற்றுக்கு ஒரு மொழி உண்டு, அது ரத்தம். பல்லடியில் அழுக்குப் படிந்து ஈறு வீங்கினால் துலக்கும்போது கசியும். நாமும் பயந்து மருத்துவரிடம் போவோம். புகைப்பவரின் ஈறு இந்த மொழியை மறந்துவிடுகிறது. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல ஈறு வெளிறித் தடிக்கிறது. வீக்கம் தெரியாது, கசிவும் தெரியாது. ஆனால் உள்ளே பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவில் பள்ளம் ஆழமாகிக்கொண்டிருக்கும், தாடை எலும்பு கரைந்துகொண்டிருக்கும். கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களும் சோர்ந்திருக்கும். "எனக்கு ஈறு கெட்டி, ஒருநாளும் ரத்தம் வந்ததில்லை" என்பவரிடமே எனக்குக் கவலை அதிகம். அவர் வருவது பல் ஆடத் தொடங்கிய பிறகுதான். அமெரிக்காவில் 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், புகைப்பவர்களுக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு வரை செல்லும் ஈறு நோய் இருக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிடச் சுமார் 4 மடங்கு. பல்லைப் பிடுங்கிய பின்னும் சிக்கல் விடாது: குழியை மூட வேண்டிய ரத்தக்கட்டு நிலைக்காமல் எலும்பு வெளித்தெரிந்து வலி உயிரை எடுக்கும்.

மெல்லுபவரின் வாயோ முகவரியோடு வருகிறது. கைனியை உள்ளங்கையில் சுண்ணாம்போடு தேய்த்து, தட்டி, கீழுதட்டு மடிப்பில் அடக்கிக்கொள்வார்கள். சுண்ணாம்பின் காரம் நிகோடினை வாய்த்தோல் வழியாகவே உள்ளே அனுப்புகிறது. அடக்கிய இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கும், அந்தப் பல்லின் ஈறு மட்டும் இறங்கி வேர் தெரியும். எந்தப் பக்கம் வைக்கிறார் என்று கேட்கவே வேண்டியதில்லை. புற்றுநோய் வந்தாலும் பெரும்பாலும் கன்னத்தின் உட்புறமும் கீழ் ஈற்றுப் பள்ளமும்தான். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரின் மிஷன் மருத்துவமனையிலிருந்து ‘ஓர்’ (Orr) என்ற மருத்துவர், வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி லான்செட் இதழில் 1933-லேயே எழுதினார். புகையின் புற்றோ நாக்கின் அடி, வாயின் தரை, தொண்டை என்று கண்ணாடி எட்டாத இடங்களை நாடுகிறது. ஒரு விதிவிலக்கு ஆந்திரத்து ஸ்ரீகாகுளம்: அங்கே பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள், சூடு படும் மேலண்ணத்தில் நோய் வரும். அங்கே புகையின் புற்றுக்கும் முகவரி உண்டு.

வெளிப்படையாகத் தெரிவதால் மெல்லுவது லேசானது என்று சொல்லமாட்டேன். வாயைப் பொறுத்தவரை அதுவே கொடியது. பாக்கும் சேர்ந்தால் கன்னத்துத் தசை நாராக இறுகி, மூன்று விரலை அடுக்கி நுழைக்க முடியாதபடி வாய் குறுகிவிடும். அந்த இறுக்கம் பழக்கத்தை விட்டாலும் மீளாது. இத்தனைக்கும் புகையிலை பல்லுக்கு நல்லது என்ற நம்பிக்கை இன்னும் உயிரோடிருக்கிறது. வெல்லப்பாகு சேர்த்த குடாக்குப் பசையால் பல் தேய்ப்பவர்கள் வங்காளத்தில் உண்டு. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை கூடாது என்று 1992-இலேயே சட்டம் வந்துவிட்டது.

விடும்போதும் இரண்டும் வேறுவேறு வழியில் போகின்றன. கைனியை நிறுத்தினால் வெள்ளைத் திட்டு பலருக்குச் சில வாரங்களில் மங்குகிறது. கண்ணாடியில் பார்த்து மகிழலாம். மங்காத திட்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பீடியை நிறுத்தியவருக்குக் கிடைப்பது அதற்கு நேரெதிர். நாலைந்து வாரத்தில், இருபது வருடமாகப் பார்க்காத ரத்தத்தைத் துலக்கும்போது பார்ப்பார். விட்டதால்தான் ஈறு கெட்டது என்று எண்ணி மறுபடி பற்றவைக்கவும் கூடும். உண்மையில் ஈற்றுக்கு ரத்த ஓட்டம் திரும்பியிருக்கிறது, இத்தனை நாள் மறைந்திருந்த வீக்கம் இப்போதுதான் வெளியே தெரிகிறது. அழுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டால் கசிவும் அடங்கும். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில், விட்டு 11 ஆண்டு கடந்தவர்களின் ஈறு ஏறக்குறைய புகைக்காதவர்களின் ஈறு போலவே இருந்தது. விடச் சொல்லும் அன்றைக்கே மருத்துவர் அந்த ரத்தத்தைப் பற்றியும் சொல்லி அனுப்ப வேண்டும்.