தங்கமீனின் துடுப்பும் கத்தரிக்கோலும்: ஒரு சுருக்க வரலாறு

பாரிஸ் அரச அறிவியல் கழகத்தின் 1786ஆம் ஆண்டுக்குரிய நினைவேட்டில், மீன்களின் உடலுறுப்புகள் சில மீண்டும் வளர்வதைப் பற்றிய ஒரு கட்டுரை இடம்பெற்றது. எழுதியவர் மோன்பெலியேயில் பிறந்த பியர் மரி ஒகுஸ்த் ப்ரூசொனே. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மீனியல் குறித்து ஒரு நூலை வெளியிட்டிருந்த இளம் அறிஞர் அவர். தங்கமீன்களின் துடுப்புகளைக் கத்தரித்துவிட்டு அவர் காத்திருந்தார். துடுப்புகள் மீண்டும் வளர்ந்தன. தோல் மட்டுமன்றி, துடுப்பைத் தாங்கும் எலும்புக் கதிர்களும் திரும்ப உருவாயின.

தமிழ்ப் பாடநூல்கள் ‘இழப்பு மீட்டல்’ என்று வழங்கும் இந்நிகழ்வு அந்நூற்றாண்டின் பெரும் புதிர்களுள் ஒன்று. 1712இல் ரெயோமூர் நன்னீர்க் கல்லிறாலின் கால்கள் மீண்டும் வளர்வதை விளக்கினார். 1744இல் திரம்ப்ளே, துண்டாக்கப்பட்ட ஹைட்ராவின் ஒவ்வொரு துண்டும் முழு உயிராவதைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1768இல் ஸ்பல்லன்சானி சலமாண்டரின் வாலும் கால்களும் திரும்ப வளர்வதை அறிவித்தார். இவ்வரிசையில் மீனைச் சேர்த்தவர் ப்ரூசொனே.

ஆற்று மீன் எத்தனையோ இருக்க, சோதனைக்குத் தங்கமீன் ஏன் பொருத்தமாயிற்று என்பது வரலாற்று நோக்கில் முக்கியமான வினா. ஆற்றில் விடப்பட்ட மீனை மீண்டும் காண்பது அரிது. கண்ணாடிக் கலத்தில் வாழும் மீனை நாள்தோறும், மாதக்கணக்கில் பார்க்கலாம். அழகுக்காக உருவான வளர்ப்பு முறையே இவ்வறிவியல் உற்றுநோக்கலுக்கு இடங்கொடுத்தது.

அந்த வளர்ப்பு முறையின் தாயகம் சீனம். சோங் பேரரசின் காலத்தில் குளங்களில் பேணப்பட்ட பொன்னிற மீன்கள், மிங் காலத்தில் வீட்டுக் கலங்களுக்கு வந்தன. 1596இல் சாங் சியந்த எழுதிய ‘சூஷா யூ பூ’ தங்கமீன் வளர்ப்பை மட்டுமே பொருளாகக் கொண்ட மிகப் பழைய நூல்களுள் ஒன்று. ஏராளமான குஞ்சுகளிலிருந்து மிகச் சிலவற்றைத் தேர்ந்து மற்றவற்றை நீக்குவதே அன்றைய வளர்ப்பாளரின் கலை. வாயகன்ற கலத்தில் மீனை மேலிருந்தே பார்க்க முடியும் என்பதால், விரிந்த இரட்டை வால் விரும்பப்பட்டது. அவ்விரட்டை வாலுக்குக் கார்டின் என்னும் மரபணுவில் நேர்ந்த ஒரு மாற்றமே அடிப்படை என்பதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. துடுப்பின் வடிவத்தை மாற்றச் சீன வளர்ப்பாளர் நம்பியது தலைமுறைத் தேர்வை. கத்தரிக்கோலுக்கு அங்கே பெரிய பங்கு இல்லை. ப்ரூசொனேயின் கட்டுரைக்கு ஆறு ஆண்டுகள் முன்னர், 1780இல், சீனத் தங்கமீன் வகைகளை வண்ணப்படங்களுடன் காட்டும் சோவினி, மார்த்தினே ஆகியோரின் நூல் பாரிஸில் வெளிவந்தது. அறிஞரின் மேசைக்குத் தங்கமீன் வந்தபோது, அது ஏற்கெனவே ஐரோப்பியக் கூடங்களின் அணிகலனாகியிருந்தது.

பின்னாளில் பழ ஈக்களின் மரபியலுக்காக நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஹண்ட் மார்கன், 1901இல் இழப்பு மீட்டல் குறித்து முழுநூல் ஒன்றை எழுதினார். மீன் வாலை வெவ்வேறு மட்டங்களில் வெட்டி அவர் கண்டது வியப்பானது. நுனியருகே வெட்டப்பட்டது மெல்ல வளர்ந்தது. அடியை நெருங்கி வெட்டப்பட்டது விரைந்து வளர்ந்தது. எங்கே வெட்டினாலும் வளர்ச்சி ஏறக்குறைய பழைய அளவில் நின்றது. இழந்தது எவ்வளவு என்பதைத் துடுப்பு ஏதோ ஒரு வழியில் ‘அறிந்திருந்தது’. ஆயினும் இதற்கொரு வரம்பு உண்டு. கதிர்களைத் தாங்கும் அடிப்பகுதியையும் சேர்த்து நீக்கினால் துடுப்பு பொதுவாகத் திரும்புவதில்லை.

அழகுக்காகக் கத்தரிப்போர்க்கு இந்த விதி ஒரு தடை. நீண்ட துடுப்புடைய தங்கமீனிலோ சண்டை மீனிலோ கிழிந்த ஓரத்தைக் கத்தரித்துச் சீராக்கினால், சில வாரங்களில் துடுப்பு தன் பழைய நீளத்தை நோக்கி வளர்ந்துவிடும். தைவானில் 1980களில் உருவான கலப்பினமாகிய கிளிமீனில் இத்தடையைக் கடந்த முறையைக் காணலாம். இளமையிலேயே வால் துடுப்பு அகற்றப்பட்ட கிளிமீன்கள் ‘இதய வடிவ மீன்’ என்னும் பெயரில் விற்கப்படுகின்றன. அவ்வடிவம் நிலைக்க வேண்டுமாயின் துடுப்பு திரும்பக் கூடாது; ஆகவே வெட்டு அடிவரை செல்ல வேண்டும். நீந்துவதற்குத் தேவையான வாலை இழந்து அம்மீன் வாழ்நாளைக் கழிக்கிறது.

ஆய்வகத்தின் கத்தரிக்கோல் சென்ற வழி வேறு. அவ்வழியின் தொடக்கத்தில் ஓர் இந்திய மீன் இருக்கிறது. 1800இல் சென்னையிலிருந்து மைசூர், கன்னட, மலபார் நாடுகளினூடே பயணம் செய்து குறிப்பெழுதிய பிரான்சிஸ் புக்கானனைத் தென்னிந்திய வரலாற்று மாணவர் நன்கறிவர். ஹாமில்டன் என்னும் பெயரைப் பின்னாளில் ஏற்ற அவரே, 1822இல் கங்கையாற்று மீன்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 200க்கும் மேற்பட்ட மீனினங்களை விவரிக்கும் அந்நூலில் மொழியியலார்க்கும் செய்தி உண்டு. ரோகிதா, கட்லா, மிரிகாலா எனப் பல இனங்களுக்கு அவர் உள்ளூர்ப் பெயர்களையே இலத்தீன் வடிவில் சூட்டினார். கோசி ஆற்றுச் சிறுமீன் ஒன்று ‘ரேரியோ’ ஆனது. அது இன்று சேர்க்கப்பட்டுள்ள ‘டானியோ’ என்னும் பேரினத்தின் பெயர், நெல்வயலைக் குறிக்கும் ‘தானி’ என்ற வங்க வழக்கிலிருந்து வந்ததாகக் கூறுவர். வரிக்குதிரை மீன் என்று உலகம் அறிந்திருப்பது இதனையே.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மீன் ஐரோப்பிய மீன்தொட்டிகளை அடைந்தது. 1970களின் இறுதியில், ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர், ஆல்பனி நகரின் வளர்ப்புயிர்க் கடை ஒன்றில் வாங்கிய மீன்களிலிருந்து ‘ஏபி’ என்னும் ஆய்வு வழி பிறந்தது. தங்கமீனைப் போலவே இதுவும் அலங்காரத் தொட்டியிலிருந்துதான் ஆய்வகத்திற்குள் நுழைந்தது. 2009இல் டெல்லியின் மரபணுவியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனம், இந்திய நீர்நிலைகளில் வாழும் இம்மீனின் மரபணுத்தொகையை வரிசைப்படுத்தியதாக அறிவித்தது.

இன்று உலகெங்கும் வரிக்குதிரை மீன் ஆய்வகங்களில் துடுப்பு கத்தரித்தல் அன்றாடப் பணி. மயக்க மருந்து கலந்த நீரில் மீனை இட்டு, வால் துடுப்பின் நுனியில் சிறு துண்டை எடுத்து, அதிலிருந்து மரபணுவைச் சோதிப்பர். துடுப்பு இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் வளர்ந்துவிடும். துடுப்பின் ‘நினைவு’ பற்றிய மார்கன் காலத்துப் புதிருக்கும் இங்கேதான் விடையின் ஒரு பகுதி கிடைத்தது. அலங்கார வணிகத்தில் விரும்பப்படும் நீள்துடுப்பு வகையில், பொட்டாசியம் அயனிகளைக் கடத்தும் புரதம் ஒன்றின் மரபணு மாறியிருப்பது 2021இல் வெளியாயிற்று. அவ்வகை மீனின் துடுப்பை வெட்டினால் அது நீண்ட அளவுக்கே மீண்டும் வளர்கிறது. 2002இல், இதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்த இம்மீன் இரண்டு மாதங்களில் அதனை ஈடுசெய்வது கண்டறியப்பட்டது. மனித இதயம் அவ்வாறு மீள்வதில்லை என்பதனால் இவ்வாய்வு இன்றும் தொடர்கிறது.

எனினும் ஆய்வகத்தின் கத்தரிக்கோல் குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. சோதனையில் வேண்டிய மரபணு இல்லாத மீன்கள் பெரும்பாலும் கொல்லப்படுகின்றன. மீனுக்கு வலி உண்டா என்ற வினாவும் பழையதன்று: 2003இல் லின் ஸ்னெட்டனும் உடன் ஆய்வாளர்களும் டிரவுட் மீனின் தலைப்பகுதியில் ஊறு உணரும் நரம்பு ஏற்பிகள் இருப்பதைக் காட்டினர். அவ்வுணர்வை மீன் துன்பமாக அனுபவிக்கிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மனிதர் அல்லாத உயிரினம் அனைத்தையும் ‘விலங்கு’ என வரையறுக்கிறது. மீனும் அதற்குள் அடங்கும். விலங்கின் உறுப்பைச் சிதைப்பதை 11ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. புதிய அறிவைப் பெறுவதற்கான சோதனைகளை 14ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அச்சோதனைகள் உரிய கவனத்தோடும், இயன்றவரை மயக்க மருந்து கொடுத்தும் நடைபெற வேண்டும் என்பது 17ஆம் பிரிவின் நோக்கம்.

சட்டம் இருவகை வெட்டையும் நோக்கத்தால் வேறுபடுத்துகிறது. வரலாறு இன்னொரு வேறுபாட்டையும் காட்டுகிறது. அறிவதற்காக வெட்டுபவர்க்குத் துடுப்பு திரும்ப வளர வேண்டும். ஆகவே அவர் நுனியோடு நின்றார். நிலையான உருமாற்றத்தை விற்பவர்க்கு அது திரும்பவே கூடாது. ஆகவே அவர் அடிவரை சென்றார். ப்ரூசொனே கண்ட அதே உண்மையை இருவரும் அறிந்திருந்தனர். ஒரு மீனின் வாலில் எவ்வளவு ஆழத்திற்கு வெட்டு சென்றது என்பதே, அது எதற்காக வெட்டப்பட்டது என்பதற்கான முதல் சான்று.