செங்கல் வாங்கிய வாசகர்கள்

(கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.)

சிங்கப்பூர் டொலர் நோட்டைப் பார்த்திருப்பீர்கள். 1999இல் வெளிவந்த நோட்டு வரிசையில் எல்லாவற்றிலும் ஒரே முகம்தான். அவர் யூசுப் இஸ்ஹாக், அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி. அவர் ஒரு பத்திரிகைக்காரர் என்பதும், பத்திரிகை தொடங்கப் பணம் தேடி மலாயாவில் ஊர் ஊராகப் பங்கு விற்றவர்களில் ஒருவர் என்பதும் பலருக்குத் தெரியாது.

இதை இப்போது எழுதக் காரணம் நமது ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் நடந்த ஒரு வாக்குவாதம். "போன் வந்த பிறகு பத்திரிகைக்கு இனி வேலையில்லை, யார் காசு கொடுத்துச் செய்தி வாசிப்பார்கள்" என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். பத்துப் பதினைந்து பேர் கைதட்டி ஆமோதித்தார்கள். அந்தக் கைதட்டலுக்கு மேலே பார்த்தால், அன்று காலை வெளிவந்த பத்திரிகையின் எல்லாப் பக்கங்களும் பீடீஎஃப் ஆகக் கிடந்தன. யாரும் அதற்கு ஐந்து சதம் கொடுக்கவில்லை.

போன்தான் பத்திரிகையைக் கொன்றதா? ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரே போனைக் கையில் வைத்திருந்த மக்களிடையே ஒரு பத்திரிகை மூடப்பட்டு இன்னொன்று பிழைத்திருந்தால் அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைக்கும். மலேசியாவில் அது நடந்தது.

முதலில் பழையதைப் பார்ப்போம்.

மலாய் மொழிப் பத்திரிகைகள் ஜாவியில், அதாவது மலாய் மொழியை எழுதும் அரபு எழுத்தில், தொடங்கின. நம்மவர்களின் அரபுத்தமிழைப் போன்றதுதான். சிங்கப்பூரில் 1876இல் வந்த 'ஜாவி பெரனாக்கன்' மலாயாவின் முதல் மலாய்ப் பத்திரிகை. அதை நடத்தியவர்கள் இந்திய முஸ்லிம் தந்தையருக்கும் மலாய்த் தாய்மாருக்கும் பிறந்த வழியினர். ஆனால் அதற்கு ஏழு வருடங்கள் முன்பே, 1869இல், கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையைக் கல்லச்சில் வெளியிட்டுவிட்டார். சித்திலெப்பை அவர்களின் 'முஸ்லிம் நேசன்' 1882இல் வந்தது. அந்நாட்களில் அச்சு இயந்திரம்தான் புதிய தொழில்நுட்பம். அதற்குப் பயந்து நமது முன்னோர் ஒதுங்கவில்லை என்பதை வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு.

1930களில் சிங்கப்பூரில் இருந்த மலாய்ப் பத்திரிகைகள் பெரும்பாலும் அரபு வணிகக் குடும்பங்களின் கையிலோ இந்திய முஸ்லிம்களின் கையிலோ இருந்தன. மலாய்க்காரருக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று யூசுப் இஸ்ஹாக்கும் தோழர்களும் நினைத்தார்கள். பெரிய முதலாளி எவரும் இல்லை. ஆகவே சாதாரண மக்களிடம் பங்கு விற்றார்கள். டாக்ஸி ஓட்டுநர்களும் தெருவில் வண்டி வைத்து வியாபாரம் செய்தவர்களும் கிராமத்தவர்களும் பங்கு வாங்கினார்கள். அந்தச் சில்லறைக் காசில் 1939 மே 29ஆம் திகதி 'உத்துசான் மெலாயு' வெளிவந்தது. மலாய்ப் பத்திரிகைத்துறையின் தந்தை என்று சொல்லப்படும் அப்துர் ரஹீம் கஜாய் அதன் ஆசிரியர்.

ஜப்பானியர் காலத்தில் நின்றது, யுத்தம் முடிந்து மீண்டும் வந்தது, சுதந்திரப் போராட்டக் காலத்தில் மக்களின் குரலானது. 1950களின் கடைசியில் தலைமையகம் கோலாலம்பூருக்குப் போனது. ஆளும் கட்சியான அம்னோவுக்கு இந்தப் பத்திரிகை மேல் கண் விழுந்தது. 1959இல் யூசுப் இஸ்ஹாக் விலகினார். 1961 ஜூலையில், பத்திரிகையைக் கட்சியின் ஊதுகுழலாக்கக் கூடாது என்று ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆசிரியர் ஸஈத் ஸஹாரி முன்னால் நின்றார். 93 நாட்கள் நீடித்த போராட்டம் தோற்றது. பத்திரிகை கட்சியின் கைக்குப் போனது. ஸஈத் ஸஹாரிக்கு மலாயாவுக்குள் நுழையத் தடை. 1963 பெப்ரவரியில் சிங்கப்பூரில் கைதாகி, வழக்கு விசாரணை எதுவுமின்றி 17 வருடங்கள் தடுத்துவைக்கப்பட்டார். பதினேழு வருடங்கள்! கைதான ஆண்டில் பிறந்த குழந்தை பாடசாலைப் படிப்பையே முடித்திருக்கும்.

பிறகு உத்துசான் வளரவில்லை என்று சொல்ல முடியாது. 1967இல் ரோமன் எழுத்தில் 'உத்துசான் மலேசியா' வந்தது. பல ஆண்டுகள் நாட்டின் முன்னணிப் பத்திரிகைகளில் ஒன்று. அரசாங்க விளம்பரம், அரசாங்கச் சந்தா, அச்சக ஒப்பந்தம் எல்லாம் இருந்தன. 1984இல் வந்த அச்சகச் சட்டத்தின்படி அரசாங்க அனுமதி இல்லாமல் எவரும் பத்திரிகை நடத்த முடியாது. ஆகவே போட்டிக்கும் பெரிதாக ஆளில்லை. சுகமான வாழ்க்கைதான்.

இங்கேதான் மற்றவர்கள் வருகிறார்கள்.

ஸ்டீவன் கான், பிரேமேஷ் சந்திரன் என்ற இருவர் கோலாலம்பூரில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வேலை செய்தவர்கள். 1995இல் வெளிநாட்டுத் தொழிலாளர் தடுப்பு முகாம் ஒன்றில் 59 பேர் இறந்ததை கானும் சக செய்தியாளர்களும் கண்டுபிடித்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் பங்களாதேஷ்காரர்கள். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்கள். பத்திரிகை அதைப் போட மறுத்தது. தகவலை ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையாரின் தொழிலாளர் உரிமை அமைப்பிடம் கொடுத்தார்கள். அவர் அதை வெளியிட்டார், அதற்காகப் பல ஆண்டுகள் நீதிமன்றம் ஏறினார். கான் வேலையை விட்டார்.

அதே காலத்தில் பிரதமர் மஹாதிர் முஹம்மத் வெளிநாட்டுத் தொழில்நுட்பக் கம்பனிகளை அழைப்பதற்காக ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தார், இணையத்தைத் தணிக்கை செய்யமாட்டோம் என்று. அவர் மனதில் இருந்தது முதலீடு. கானும் சந்திரனும் அதில் ஒரு திறந்த கதவைக் கண்டார்கள். அச்சிட்டால்தான் அனுமதி வேண்டும், இணையத்தில் போட்டால்?

1999 நவம்பர் 20, பொதுத் தேர்தலுக்கு ஒன்பது நாட்கள் முன்பு 'மலேசியாகினி' தொடங்கியது. 'கினி' என்றால் மலாயில் 'இப்போது'. பாங்கொக்கில் இருந்த ஒரு பத்திரிகையாளர் கூட்டமைப்பின் நிதியுதவியோடு, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு. தொடங்கிய சில நாட்களிலேயே ஒரு பெரிய செய்தி. சீன மொழிப் பத்திரிகை ஒன்று தலைவர்களின் கூட்டுப் படமொன்றிலிருந்து, அப்போது சிறையிலிருந்த அன்வர் இப்ராஹிமை அகற்றி வேறொருவரை வைத்துப் பிரசுரித்திருந்தது. மலேசியாகினி அதைப் பிடித்துக் காட்டியது. நாடே திரும்பிப் பார்த்தது. இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவால் செய்வதை அன்று கத்தரித்து ஒட்டினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் திரும்பிப் பார்ப்பவர்களை வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது. இரண்டு வருடத்தில் உலகெங்கும் இணையக் கம்பனிகள் சரிந்தன. விளம்பரமும் வரவில்லை. அரசாங்கத்துக்குப் பிடிக்காத தளத்தில் விளம்பரம் போட எந்தக் கம்பனி துணியும்? 2002இல் ஒரு முடிவெடுத்தார்கள். இனிச் செய்தி வாசிக்கச் சந்தா கட்ட வேண்டும்.

அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். இணையம் என்றாலே இலவசம் என்று உலகம் நம்பிய காலம். 'நியூயோர்க் டைம்ஸ்' தனது இணையத்தளத்துக்கு இன்றுள்ள சந்தா முறையைக் கொண்டுவந்தது 2011இல்தான். அதற்கு ஒன்பது வருடம் முந்தி, கோலாலம்பூரில் கையில் காசில்லாத ஒரு சிறு குழு அதைச் செய்தது. வாசகர்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். இலவசமாக வந்தவர்களில் மிகச் சிறிய பகுதியினரே சந்தா கட்டினர். துணிவு என்று இதை இன்று புகழ்வது எளிது. அன்று வேறு வழி இருக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்தச் சிறிய பகுதியினர்தான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

2003 ஜனவரி 20ஆம் திகதி பொலிஸார் வந்தார்கள். அம்னோ இளைஞர் அணியைக் கடுமையாக விமர்சித்த ஒரு வாசகர் கடிதத்துக்காக 19 கணினிகளைத் தூக்கிச் சென்றார்கள். கடிதம் எழுதியவர் யார் என்று கேட்டார்கள். ஆசிரியர் சொல்லவில்லை. சந்தா கட்டிய வாசகன் இதைப் பார்க்கிறான்: என் பெயரைக் காட்டிக் கொடுக்கமாட்டார்கள். இதைவிடப் பெரிய விளம்பரம் என்ன இருக்கிறது?

ஆங்கிலத்தில் தொடங்கியது பிறகு மலாயிலும் சீனத்திலும் வந்தது, தமிழிலும் ஒரு பதிப்பு இருந்தது. வீடியோ எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். 2008 மார்ச் 8 தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்து ஐந்து மாநிலங்களில் தோற்ற இரவு, முடிவு தேடி வந்தவர்களின் நெரிசலில் தளம் திணறியது.

அதே தேர்தல் உத்துசானுக்கு என்ன செய்தது? நகரத்து வாசகர்கள் விலகிக்கொண்டிருப்பது தெரிந்த பிறகும் அது இன்னும் கூர்மையாக இனம் பேசியது. 2013 தேர்தலில் சீன வாக்காளர்கள் எதிர்க்கட்சிப் பக்கம் போனதும், "சீனர்களுக்கு இன்னும் என்ன வேண்டும்?" என்று முதல் பக்கத்தில் தலைப்பிட்டது. சிறுபான்மையாக வாழும் நமக்கு அந்தத் தலைப்பின் சுவை தெரியும். இங்கேயும் அப்படியான தலைப்புகளைப் பார்த்திருக்கிறோம். எதிர்க்கட்சித் தலைவர்கள் தொடுத்த அவதூறு வழக்குகளில் மீண்டும் மீண்டும் தோற்றது. இவ்வளவுக்கும் உத்துசானுக்கும் இணையத்தளம் இருந்தது, பேஸ்புக் பக்கம் இருந்தது. ஆனால் செய்தியறை வாசகனைப் பார்த்து இயங்கவில்லை, கட்சி அலுவலகத்தைப் பார்த்தே இயங்கியது. 2018 மே மாதம் கட்சி ஆட்சியை இழந்தது. அரசாங்கப் பணமும் நின்றது. ஊழியர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. 2019 ஒக்டோபர் 9ஆம் திகதி, 80 வயதில், பத்திரிகை மூடப்பட்டது. அடுத்த வருடம் வேறு கம்பனி ஒன்று அந்தப் பெயரில் மீண்டும் அச்சிடத் தொடங்கியது, அது வேறு கதை. டாக்ஸி ஓட்டுநர்களின் காசில் பிறந்த பத்திரிகை மூடப்பட்டபோது, அதைக் காப்பாற்ற டாக்ஸி ஓட்டுநர்கள் எவரும் வரிசையில் நிற்கவில்லை.

மலேசியாகினிக்கு நின்றார்கள்.

2014இல் வாடகைக் கட்டடத்தை விட்டுச் சொந்தக் கட்டடத்துக்குப் போக நினைத்தார்கள். வங்கிக் கடன் மட்டும் போதாது. வாசகர்களிடம் கேட்டார்கள்: ஒரு செங்கல் 1,000 ரிங்கிட், வாங்கும் ஒவ்வொருவரின் பெயரும் செங்கல்லில் பொறிக்கப்படும். பள்ளிவாசல் கட்ட நாம் சதுர அடிக்கு இவ்வளவு என்று கேட்பதில்லையா, அதே முறைதான். வாங்கினார்கள். பெட்டாலிங் ஜெயாவில் அந்தச் சுவர் எழுந்தது.

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் அது வரலாறு அல்ல. வெளிநாட்டு நிதி வாங்குகிறார்கள், வெளியாரின் கைக்கூலிகள் என்ற குற்றச்சாட்டு தொடக்கத்திலிருந்தே அவர்களைத் துரத்தியது. வெளிநாட்டு நிதி வாங்கியது உண்மை. கைக்கூலி என்பதற்கு ஆதாரமாக நான் எதையும் காணவில்லை. சந்தாக் கதவு போட்டால் காசில்லாதவன் வெளியே நிற்பான் என்பதும் நியாயமான கேள்வி. முக்கியமான செய்திகளையும் தேர்தல் காலச் செய்திகளையும் இலவசமாகத் திறந்துவிட்டு அதற்குப் பாதிப் பதில் சொன்னார்கள். மீதிப் பாதி இன்னும் அப்படியே கிடக்கிறது.

நமக்கு இதில் என்ன? 2018 மார்ச்சில் திகன கலவரத்தின் போது பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் சில நாட்கள் தடுக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். எந்த ஊரில் என்ன நடந்தது என்று அறிய ஆளுக்கு ஆள் தொலைபேசி எடுத்தோம். வந்ததில் பாதி வதந்தி. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை ஒத்திப்போன அதே மாதம், 'தி ஐலண்ட்' பத்திரிகையும் 'திவயின'வும் சனிக்கிழமை இதழை அச்சிட முடியாமல் இணையத்தில் மட்டும் வெளியிட்டன. கடதாசித் தட்டுப்பாடு பிறகு தீர்ந்தது. தமிழில் நம்மைப் பற்றி விசாரித்து எழுதும் ஒரு செய்தியாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி தீரவில்லை. ஒரு பத்திரிகை தன் வாசகனை அரசியல்வாதியின் மூலமாகவோ விளம்பரதாரர் மூலமாகவோ மட்டும் சந்தித்தால், அந்த நடுவர் போகும் நாளில் வாசகனும் போய்விடுவான். உத்துசானுக்கு நடந்தது அதுதான் என்பது என் கருத்து. பீடீஎஃப் அனுப்பும் சகோதரர்கள் கோபிக்க வேண்டாம். அந்தப் பத்திரிகை நின்றால் அடுத்த வாரம் அனுப்ப உங்களிடமும் ஒன்றும் இருக்காது.

கடைசியாக 2021. அதற்கு முந்திய வருடம் நீதிமன்றங்கள் மீண்டும் திறப்பது பற்றிய ஒரு செய்தியின் கீழே வாசகர்கள் ஐந்து பேர் நீதித்துறையைத் திட்டிக் கருத்துப் போட்டிருந்தார்கள். பொலிஸார் சொன்னதும் மலேசியாகினி சில நிமிடங்களில் நீக்கியது. இருந்தும் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு. 2021 பெப்ரவரி 19ஆம் திகதி உச்ச நீதிமன்றம் மலேசியாகினியைக் குற்றவாளி என்றது, ஸ்டீவன் கானை விடுவித்தது. ஏழு நீதியரசர்களில் நளினி பத்மநாதன் அம்மையார் ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். அபராதம் 500,000 ரிங்கிட். அரச தரப்புக் கேட்டதே 200,000தான்.

வாசகர்களிடம் உதவி கேட்டு அறிவிப்புப் போட்டார்கள். அன்றைய தினமே முழுத் தொகையும் சேர்ந்துவிட்டது, மேலதிகமாகவும் வந்தது.

1961 வேலைநிறுத்தம் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத ஆசை. ஸஈத் ஸஹாரி சிறையிலிருந்து வந்த பிறகு எழுதிய நினைவுக்குறிப்பு 2001இல் ஆங்கிலத்தில் வெளிவந்திருக்கிறது. ஊரில் யாரிடமாவது இருந்தால், அல்லது மலேசியாவிலிருந்து வருபவர் யாராவது வாங்கி வர முடிந்தால், இன்பொக்ஸில் சொல்லுங்கள். காசைத் தருகிறேன், பீடீஎஃப் வேண்டாம்.