பித்தக் கல்லில் கிடைத்தது, மூளையிலும் இருந்தது

கொலஸ்ட்ரால் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு இரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் ஓர் எண். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அந்தச் சொல்லோடு கொஞ்சம் சொந்தமும் உண்டு. அந்தப் பொருளைக் கண்டெடுத்தவரும் பெயர் வைத்தவரும் பிரெஞ்சுக்காரர்கள்.

18ஆம் நூற்றாண்டில் புல்த்தியே தெ லா சால் என்பவர் பித்தப்பைக் கற்களிலிருந்து மெழுகு போன்ற ஒரு வெள்ளைப் பொருளைப் பிரித்தார். கொழுப்பைக் காரத்தோடு காய்ச்சினால் சோப்பாகும். இது ஆகவில்லை. ஆகவே இது வேறு வகைப் பொருள் என்று காட்டியவர் ஷெவ்ரெல். 1815-16 வாக்கில் ‘கொலெஸ்தெரின்’ என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘கொலே’ என்றால் பித்தம், ‘ஸ்டெரெயோஸ்’ என்றால் கெட்டியானது. இந்த மனிதர் 102 வயது வரை வாழ்ந்தார். ஈஃபில் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் இவருடையதும் ஒன்று.

1834இல் கூவெர்ப் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர் மூளையை ஆராய்ந்து, அதில் இந்தப் பொருள் ஏராளமாக இருப்பதை எழுதினார். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அங்கேதான் இருக்கிறது. மின்கம்பிக்கு மேலுறை போல நரம்பிழைகளைச் சுற்றியுள்ள உறையில்தான் அதில் பெரும்பகுதி.

1906இல் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர், தம் பெயரால் பின்னர் வழங்கிய மறதி நோயை முதலில் விவரித்தார். இறந்த நோயாளியின் மூளையில், நரம்பணுக்களுக்குத் துணையாக இருக்கும் அணுக்களில் கொழுப்புத் துளிகள் இருந்ததையும் குறித்து வைத்தார். 1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், மூளைக்குள் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் அப்போ-இ என்ற புரதத்தின் ஒரு வகை மரபணு இருப்பவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டார்கள். வாய்ப்புதான் கூடுதல், வந்தே தீரும் என்பதில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? என் நண்பர் ஒருவர், “மூளையே கொலஸ்ட்ரால்தானாமே, மாத்திரை போட்டால் மறதி வந்துவிடும்” என்று கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டார். அவரிடம் நான் சொன்னது இதுதான்: நம் ஆபீசில் ஒரு தலைப்பில் ஒதுக்கிய பணத்தை இன்னொரு தலைப்பில் செலவழிக்க முடியுமா? மூளையின் கணக்கும் அப்படித் தனிக்கணக்கு. இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரால் மூளைக்குள் ஏறக்குறைய நுழைவதே இல்லை. தனக்கு வேண்டியதை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. நெய் சாப்பிட்டு மூளையை நிரப்பவும் முடியாது.

ஆனால் இரத்தக் குழாய் அடைத்தால் பாதிப்பு மூளைக்கும்தான். நடுவயதில் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் மிகுவதை மறதி நோய்க்கான அபாயங்களில் ஒன்றாக 2024இல் லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழுவும் சேர்த்தது.

நண்பர் டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு மாத்திரையைத் தொடர்கிறார். மாத்திரையால் ஏதும் தொல்லை என்று தோன்றினால் நீங்களும் டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.