ஏர்த் இருக்கிறது, உயிர்க்காப்பு இருக்கிறதா?

பாரிசின் புறநகர்களில் தோட்டத்துடன் கூடிய பழைய தனிவீடுகளை எம்மவர் பலர் வாங்குகின்றனர். வங்கிக்கடன், நொத்தாரிசுச் செலவு, கூரை, வெப்பமூட்டி எல்லாம் அலசி ஆராயப்படும். மின்பெட்டியைத் திறந்து பார்ப்பவர் குறைவு. "ஏர்த் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அத்துடன் விட்டுவிடுகிறோம். பிரான்சில் அது மட்டும் போதாது. ஏன் என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும்.

பிரான்சில் வீடுகளுக்கான மின்விநியோகம் பெரும்பாலும் 'டி.டி.' எனப்படும் முறையில் அமைந்தது. தெருவிலுள்ள மின்மாற்றிக்கு ஓர் ஏர்த், வீட்டுக்கு வேறோர் ஏர்த். தனிவீடானால் ஏர்த் வயர்கள் எல்லாம் வளவு மண்ணில் இறக்கிய ஒரு கம்பியில் போய் முடியும். மாடிக் குடியிருப்பானால் கட்டடம் முழுவதற்கும் பொதுவான ஏர்த் இருக்கும். எங்காவது மின்னொழுக்கு ஏற்பட்டால், மின்சாரம் அந்தக் கம்பியால் மண்ணுக்குள் இறங்கி, மண்ணின் ஊடாகவே மின்மாற்றிக்குத் திரும்ப வேண்டும்.

மண் செப்பு வயர் அல்ல. அதற்குத் தடை அதிகம். பிரெஞ்சு விதிப்படி வீட்டு ஏர்த்தின் தடை 100 ஓம் வரை இருக்கலாம். இப்போது சலவை இயந்திரத்தின் உள்ளே ஒரு வயர் உரிந்து தகட்டில் முட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 100 ஓமால் வகுத்தால் 2.3 அம்பியர். அந்த இணைப்பின் பிரேக்கர் 16 அம்பியருக்கு உரியது. 2.3 அம்பியரை அது சாதாரணப் பாவனை என்றே எடுத்துக்கொள்ளும், விழாது. இயந்திரத்தின் உடல் ஏறக்குறைய முழு மின்னழுத்தத்துடன் நிற்கும். ஈரக்கையுடன் தொடுபவருக்கு ஆபத்து. போதாக்குறைக்கு, அந்த ஒழுக்கு நாளொன்றுக்கு 12 அலகுக்கு மேல் மின்சாரத்தையும் விழுங்கும்.

இங்கேதான் பிரெஞ்சில் 'திஃபெரான்சியேல்' என்றும், ஊரில் 'ட்ரிப் சுவிச்' என்றும் சொல்லப்படும் கருவி வருகிறது. அது செய்வது கணக்காளரின் வேலை. ஒரு வயரால் வீட்டுக்குள் போன மின்னோட்டமும் மற்ற வயரால் திரும்பி வந்த மின்னோட்டமும் சமமா என்று ஓயாமல் ஒப்பிடும். வித்தியாசம் இருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். வித்தியாசம் 30 மில்லி அம்பியரைத் தொட்டால், ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்குக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதற்கு மேற்பட்ட மின்னோட்டம் உடலினூடாகத் தொடர்ந்து பாய்ந்தால் இதயத்தின் துடிப்பே குழம்பலாம் என்பதால்தான் இந்த அளவு.

மீட்டருக்கு அருகிலுள்ள பிரதான பிரேக்கரிலும் இந்தக் காப்பு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் 500 மில்லி அம்பியருக்கு உரியது. 0.5 அம்பியரை 100 ஓமால் பெருக்கினால் 50 வோல்ட். இயந்திரத்தின் தகடு அதற்கு மேல் ஏறாமல் அது பார்த்துக்கொள்ளும். மின்வயரை நேரே தொட்டுவிட்ட பிள்ளையை அது காப்பாற்றாது. அதற்கு 30 மில்லி அம்பியர் கருவியே வேண்டும். பழைய மின்பெட்டிகளில் இல்லாதிருப்பது இதுதான்.

இந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. ஒருவர் இரண்டு வயர்களையும் ஒரே நேரத்தில் பிடித்தால், போனதும் வந்ததும் சமமாகவே இருக்கும். கருவிக்கு எதுவும் தெரியாது. அளவுக்கு மிஞ்சிய பாவனையையும் அது தடுக்காது. அது பிரேக்கரின் வேலை. ஆகவே இரண்டும் வேண்டும்.

அடிக்கடி விழுகிறது என்பதற்காக இந்தக் கருவியைக் கழற்றிவிடுவது பெருந்தவறு. மழைநாளில் விழுந்தால் வெளிச் சுவரின் பிளக்கையும் தோட்ட விளக்கையும் சந்தேகியுங்கள். எல்லாப் பிரேக்கர்களையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினால் பழுதான இணைப்பு தெரிந்துவிடும். ஏர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டுவதும், வீட்டுக்குள்ளே நியூட்ரலுடன் இணைப்பதும் கூடாது. அப்படி இணைத்த வீட்டில் நியூட்ரல் எங்காவது அறுந்தால், ஏர்த் செய்த சாதனங்கள் அனைத்தும் அடிக்கும்.

பிரான்சில் மின்னிணைப்பு 15 ஆண்டுகளைக் கடந்த வீட்டை விற்கும்போது மின்பரிசோதனை அறிக்கை கட்டாயம். வாடகைக்கு விடவும் அது வேண்டும். அறிக்கை குறைகளைச் சொல்லும். அவற்றைத் திருத்தும்படி விற்பவரைக் கட்டாயப்படுத்தாது. ஆகவே கையொப்பத்துக்கு முன்பே அதை வாசித்து, திருத்தச் செலவை விலைப்பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டப் பணம் அனுப்புவோருக்கும் இதே கணக்குத்தான். அங்கும் வீட்டுக்கு வீடு சொந்த ஏர்த் கம்பி. பல இடங்களில் சிறிது ஆழத்திலேயே சுண்ணாம்புக்கல் தட்டும். கோடையில் மேல்மண் காய்ந்து தடை ஏறும். கம்பி அடித்தாயிற்று என்ற சொல்லை மட்டும் நம்பாமல், மீட்டரால் அளந்த ஓம் எத்தனை என்று கேளுங்கள்.

கருவியிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். அந்தப் பொத்தான் கருவியை மட்டுமே சோதிக்கும், மண்ணிலுள்ள கம்பியை அல்ல. கம்பியை அளக்க மின்னியலாளரைத்தான் அழைக்க வேண்டும்.