வழக்கில் குழந்தை எங்கே?

பிள்ளை யாருக்கு உரியது என்று தாயும் தந்தையும் நீதிமன்றம் ஏறுங்கால், பிள்ளைக்கு எது நன்மை என்னும் கேள்வி பின்னே தள்ளப்படுவதை உலகம் நெடுங்காலம் ஒரு குறையாகவே கருதவில்லை. அன்னி பெசண்ட் அம்மையாரின் வாழ்வில் நிகழ்ந்த இரண்டு வழக்குகள் இதற்குத் தக்க சான்றாகும்.

1878-ம் ஆண்டு இலண்டனில், அம்மையார் கடவுள் மறுப்பாளர் என்றும், கருத்தடை பற்றிய நூலை வெளியிட்டவர் என்றும் காரணம் காட்டி, அவருடைய மகள் மேபெல் அவரிடமிருந்து பிரிக்கப்பட்டாள். குழந்தையின் நன்மை என்னும் பெயரால் அங்கே எடைபோடப்பட்டது தாயின் கொள்கையே.

பின்னர் அதே அம்மையார் சென்னையில் எதிர்வாதியானார். நாராயணய்யா என்பவர் தம் மைந்தர்களாகிய கிருஷ்ணமூர்த்தியையும் நித்தியானந்தத்தையும் 1910-ம் ஆண்டு அம்மையாரிடம் எழுதி ஒப்படைத்தார். 1912-ல் திருப்பிக் கேட்டு வழக்கிட்டார். 1913-ல் சென்னை ஹைகோர்ட் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடங்கியபோது மூத்தவருக்கு வயது 17. அவ்வளவு வளர்ந்த பிள்ளையின் விருப்பம் யாதென எவரும் முறைப்படி கேட்டறிந்தாரில்லை! 1914-ல் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை நீக்கியது. பிள்ளைகள் இங்கிலாந்தில் இருந்தனர். அவர்கள் சார்பில் பேசுவாரும் இல்லை. அவர்கள் விருப்பமும் அறியப்படவில்லை என்பன அதன் காரணங்களுள் அடங்கும்.

1925-ம் ஆண்டில் இங்கிலாந்தின் சட்டம் குழந்தை நலனையே முதற்கண் நோக்க வேண்டுமென விதித்தது. அந்நெறியே மலேசியாவில் இஸ்லாமியரல்லாதார்க்கு 1976-ல் இயற்றப்பட்டு, 1982 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்திலும் இடம் பெற்றது. கருத்துரைக்கத்தக்க வயதுடைய பிள்ளையின் விருப்பத்தையும் கருத வேண்டும் என்பது அதன் 88-ம் பிரிவு. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பது நன்று என்பதும் அப்பிரிவின் அநுமானமே; அதனைச் சான்று காட்டி மறுக்கலாம். இயன்றவிடத்து, குழந்தை நலத்தில் பயிற்சியோ அநுபவமோ உடையாரின் ஆலோசனையை நீதிமன்றம் பெறவேண்டும். ஆனால் அதற்குக் கட்டுப்பட்டதன்று என்பது 100-ம் பிரிவு.

தெங்கேராவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் உள்ள நம்மவர் பலர், நல அதிகாரியின் அறிக்கை கையில் வந்ததும் அதனையே தீர்ப்பென்றெண்ணி மனமுடைகின்றனர். அல்லது அதிகாரி எதிர்க்கட்சி என்று சினக்கின்றனர். இரண்டும் பிழை. அறிக்கையில் மூன்று பொருள்கள் கலந்திருக்கும்: அதிகாரி தம் கண்ணாற் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, தாம் கருதியது. இவற்றைப் பிரித்துப் படியுங்கள். இரு வீடுகளையும் பார்த்தாரா? குழந்தையிடம் தனியே பேசினாரா? பள்ளிக்கூட வருகையையும் உடல்நலத்தையும் விசாரித்தாரா? பார்த்த நாளுக்குப் பின் நிலைமை மாறியுள்ளதா? தவறிருப்பின் அத்தவற்றைத் தக்க ஆதாரத்துடன் வழக்கறிஞர் வாயிலாக எடுத்துரையுங்கள்; அதிகாரியை ஏசுவதாற் பயனில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அதிகாரி முன் நிறுத்தாதீர்கள். 1878-லும் 1913-லும் இல்லாதிருந்த குரல் இன்று அதற்குக் கிடைத்திருக்கிறது. அக்குரலைப் பெற்றவரே பறிப்பது எவ்வகை நீதி?